கையும் காகிதமும்

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு விவகாரத்தை ஏன் கிளற வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் கடைசி இடங்களுக்கான தகுதிகாண் ஆட்டங்கள் வரும்போதெல்லாம் தியரி ஹென்றியின் கை மட்டுமே நினைவுகூரப்படுகிறது. அந்தக் கைக்கு முன்னர் நடந்தது பேசப்படுவதில்லை. அதனாற்றான் கிளறுகிறேன்.

2009 நவம்பர் 18 ஆம் திகதி. பாரிஸை அடுத்துள்ள சென் டெனி மைதானத்தில் பிரான்சும் அயர்லாந்துக் குடியரசும் மோதின. நான்கு நாட்களுக்கு முன் டப்ளினில் பிரான்ஸ் 1-0 என வென்றிருந்தது. இம்முறை ரொபி கீன் அடித்த கோலினால் கணக்குச் சமனாகி ஆட்டம் மேலதிக நேரத்துக்குச் சென்றது. 103 ஆவது நிமிடத்தில் ஹென்றி பந்தைக் கையால் தடுத்து நிறுத்தி கலாஸுக்கு அனுப்பினார். கலாஸ் தலையால் முட்டினார். சுவீடன் நடுவர் மார்டின் ஹான்சன் அதைக் காணவில்லை. தென்னாபிரிக்காவுக்குச் செல்லும் வாய்ப்பு பிரான்சுக்குக் கிட்டியது.

இலங்கையில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. மறுநாட்களில் நாம் இட்ட தலைப்புகளில் எல்லாம் 'கை' என்ற சொல் இருந்தது. நானும் அவ்வாறே எழுதினேன். இன்று அதை எண்ணி வெட்கப்படுகிறேன். ஏனெனில் பெரிய தவறு மைதானத்தில் நிகழவில்லை. அது மேசையில் நிகழ்ந்தது.

2008 இல் ஐரோப்பியக் குழுநிலை ஆட்டங்கள் ஆரம்பித்தபோது, இரண்டாமிடம் பெறும் அணிகளின் சீட்டிழுப்பு எவ்வாறு நடைபெறும் என்று எவருக்கும் திட்டவட்டமாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. 2009 செப்டெம்பர் இறுதியில், குழுநிலை ஆட்டங்கள் முடிய ஏறக்குறைய இரு வாரங்களே எஞ்சியிருந்த வேளையில், ஃபீஃபா வாய் திறந்தது. உலகத் தரவரிசையில் மேலே நிற்கும் நான்கு அணிகள் ஒன்றையொன்று சந்திக்காதவாறு பிரிக்கப்படும் என்றது. அவ்வாறு காப்பாற்றப்பட்டவை பிரான்ஸ், ரஷ்யா, போர்த்துக்கல், கிரேக்கம் ஆகியன. அயர்லாந்து, உக்ரேன், பொஸ்னியா, ஸ்லோவேனியா ஆகியவை அவற்றுக்கு எதிரிகளாக்கப்பட்டன.

2005 இலும் இவ்வாறுதானே பிரித்தார்கள், இதிலென்ன புதுமை என்று வாதிடுவோர் உளர். வழமை அதுவாயின், முதற்பந்து உதைக்கப்படுமுன்னரே அதை விதியாக எழுதிவைப்பதில் என்ன தடை இருந்தது? யார் யார் விளிம்பில் தத்தளிக்கின்றனர் என்பது தெளிவாகத் தெரிந்த பின்னர் எழுதப்படும் விதி, நேர்மையான எண்ணத்துடன் எழுதப்பட்டிருந்தாலும், நேர்மையான விதியாகாது. பரீட்சை முடியும் தறுவாயில் புள்ளி வழங்கும் முறையை அறிவிக்கும் ஆசிரியரை எந்தப் பெற்றோர் ஏற்பர்?

அயர்லாந்து தனது குழுவில் பத்து ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோற்கவில்லை; அன்றைய உலகச் சம்பியனான இத்தாலியுடன் இரு தடவையும் சமநிலை கண்டது. அந்த உழைப்புக்கு மேலாக, பழைய பெறுபேறுகளைக் கூட்டிச் செய்த ஒரு தரவரிசைப் பட்டியல் மதிக்கப்பட்டது. ஸ்லோவேனியா ரஷ்யாவை வெளியேற்றி அந்தப் பட்டியலின் பெறுமதியை அதே இரவில் காட்டியது என்பது வேறு கதை.

ஆட்டத்தை மீள நடத்துமாறு அயர்லாந்து கேட்டது. 2005 இல் உஸ்பெகிஸ்தான் - பஹ்ரைன் ஆட்டம் மீள நடத்தப்பட்டதை எடுத்துக்காட்டியது. ஃபீஃபா மறுத்தது. தாஷ்கண்டில் நடுவர் விதியையே தவறாகப் பிரயோகித்தார். திரும்ப உதைக்கவிட வேண்டிய தண்ட உதையை எதிரணிக்கான உதையாக மாற்றினார். பாரிஸில் நடந்ததோ கண் காணத் தவறியது. நடுவர் கண்டதே முடிவு. இந்த வேறுபாடு நியாயமானதே என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த மீள் ஆட்டத்தினால், முதலில் 1-0 என வென்றிருந்த உஸ்பெகிஸ்தானே ஈற்றில் வாய்ப்பை இழந்தது என்பதையும் மறக்கலாகாது.

ஆயின் விதியை இவ்வளவு இறுகப் பற்றி நின்ற சபை பின்னர் செய்தது என்ன? அயர்லாந்துச் சங்கத்துக்கு ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலரைக் கொடுத்தது. இச்செய்தி 2015 இல்தான் வெளியே வந்தது. வழக்குத் தொடராதிருப்பதற்காகக் கிடைத்த பணம் என்றார் அச்சங்கத்தின் தலைமை நிர்வாகி ஜோன் டெலேனி. மைதானம் கட்டுவதற்கான கடன், 2014 இறுதியில் தள்ளுபடி செய்தோம் என்றது ஃபீஃபா. எப்பெயரிட்டு அழைத்தாலும், அயர்லாந்தின் இரசிகனுக்குத் தெரியாமல் கைமாறிய பணம் அது. கொடுத்தவரைப் போலவே வாங்கியவரும் குற்றவாளியே. தெருவில் நின்று நீதி கேட்ட இரசிகனின் குரலை அவனுடைய சங்கமே விலை பேசியது.

தென்னாபிரிக்காவில் பிரான்ஸ் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. வீரர்கள் பயிற்சிக்கு மறுத்து, அணி குழுவில் கடைசியாகி நாடு திரும்பியது. அதைத் தெய்வ தண்டனை என்று மகிழ்ந்தோர் பலர். அதனால் அயர்லாந்துக்கு எந்த இடமும் திரும்பக் கிடைக்கவில்லை.

2018 முதல் உலகக் கிண்ணத்தில் காணொளி உதவி நடுவர் இருக்கிறார். ஹென்றியின் கை இன்று பிடிபட்டிருக்கும். நல்ல மாற்றம். ஆனால் தரவரிசையின் பிடி தளரவில்லை. 2022 தொடருக்கான தகுதிகாணிலிருந்து ஐரோப்பாவில் இவ்வாட்டங்கள் ஒரே ஆட்டமாகச் சுருங்கிவிட்டன; முதல் ஆட்டத்தைச் சொந்த மண்ணில் ஆடும் சலுகை மேல்நிலை அணிக்கே. விதி முன்கூட்டியே அறிவிக்கப்படுவது மட்டுமே முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தையேனும் காத்துக்கொள்வது சிறிய நாடுகளின் கடமை. மைதானத்தைப் பார்க்க இன்று பல கமராக்கள் உண்டு. கூட்ட அறையைப் பார்க்கப் பத்திரிகையாளனை விட்டால் வேறு யாருமில்லை. 2009 இல் நாமும் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.