மழை பொய்த்த ஆண்டில் பிள்ளையின் ஜீவனாம்சம்

மேச்சேரி வட்டாரத்து மானாவாரி விவசாயிக்கு மாதச் சம்பளம் கிடையாது. கடலைக்காய் வீடு வந்தால் கையில் காசு. கிடாக்குட்டி விற்றால் காசு. இடையில் ஏதோ பால் பணம். மேட்டூர் அணை பக்கத்திலேயே இருந்தும் மேட்டு நிலத்துக்கு வானம்தான் கதி. ஆனால் மனைவி பிரிந்து போய்ப் பிள்ளையை வளர்க்கிறாள் என்றால், நீதிமன்றம் விதிக்கும் ஜீவனாம்சம் மாதாமாதம் கட்ட வேண்டியது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்ததே, அப்படியொரு ஆண்டில் தகப்பன் என்ன செய்வது?

பேசாமல் கட்டுவதை நிறுத்திவிடுவோர் உண்டு. அதைவிடக் கெட்ட வழி வேறில்லை. தக்க காரணமின்றிக் கட்டத் தவறினால் வாரண்டு வரும். பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறு. சிறைவாசத்தால் கடன் அடையாது என்று 1988-லேயே குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

சட்டத்தில் நேர்வழி இருக்கிறது. சூழ்நிலை மாறியதை நிரூபித்தால் தொகையை மாற்றலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-வது பிரிவாக இருக்கிறது. மனு போடுமுன் சேர்ந்த பாக்கி பொதுவாக அப்படியே நிற்கும். ஆகையால் விளைச்சல் போயிற்று என்று தெரிந்த உடனே போக வேண்டும். மனு நடக்கும்போதும் முடிந்ததைக் கட்டிவர வேண்டும்.

வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. உடல் வலுவுள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் அதே நீதிமன்றம் வகுத்த சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தில் விவசாயிகளுக்கென்றே தனிப் படிவம் உண்டு. நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மூன்று ஆண்டு வருமானம் என்ன, ஆடு மாடு கோழி எத்தனை, கடன் எவ்வளவு என்று அது கேட்கிறது. சிட்டா, அடங்கல், பால் சங்கக் கணக்கு, கூட்டுறவுக் கடன் ரசீது எல்லாம் இங்கே பேசும். பட்டியில் முப்பது ஆட்டை வைத்துக்கொண்டு கடலை காய்ந்த கதையை மட்டும் சொல்பவன் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான், மாட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் ஆட்டுக் கணக்கில் நீதிமன்றமும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொட்டனேரியில் தனி ஆராய்ச்சி நிலையமே வைத்து வளர்க்கும் பெயர்பெற்ற இனம் மேச்சேரி ஆடு. நல்ல வருஷத்தில் கிடாக்குட்டி விற்பது வருமானம். வறட்சியில் சோளத்தட்டும் தண்ணீரும் இல்லாமல், வந்த விலைக்குத் தாயாடுகளைத் தள்ளிவிடுவது முதலையே விற்பது. சந்தையில் வாங்கிய ரூபாய் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் தெரியும். தாயாடு போனால் அடுத்த ஆண்டு குட்டி ஏது? எத்தனை தாய், எத்தனை குட்டி விற்றது என்று பிரித்து எழுதிக் கொடுக்க வேண்டியது விவசாயியின் பொறுப்பு. அதைக் கேட்டறிந்து தீர்ப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு.

குறைப்பதிலும் அளவு வேண்டும். பள்ளிக் கட்டணமும் அரிசி விலையும் மழையைப் பார்த்து இறங்குவதில்லை; அந்தத் தாயும் அதே வறட்சியில் கூலி வேலை கிடைக்காமல் இருப்பவளாக இருக்கலாம். பிறகு மழை பெய்து கடலை நன்றாக விளைந்தால், தொகையைக் கூட்டக் கேட்டு அவளும் அதே 146-வது பிரிவில் மனு போடலாம்.