சாவிக்கொத்து யாரிடம் இருக்க வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். என் வயதுக்காரர்கள் அவசியம் படியுங்கள்.

போன வாரம், என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியை ஒருவர் போன் செய்தார். "டீச்சர், என் பையன் பாஸ்வேர்டு மேனேஜர்னு ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கான். எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சா திருடனுக்கு வசதியாப் போயிடாதா?" என்று கேட்டார். முப்பத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் என்பதால் கம்ப்யூட்டரும் எனக்குத் தெரியும் என்று அவருக்கு நம்பிக்கை. தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பட்டுக் கற்றுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தவறி நான்கு வருடம் ஆகிறது. கரண்ட் பில், கேஸ், இன்சூரன்ஸ், வருமான வரி எல்லாம் அவர் பொறுப்பு. பள்ளியில் வகுப்புக்கு அறுபது பிள்ளைகளைச் சமாளித்த நான், வீட்டில் ஒரு ரீசார்ஜ்கூடச் செய்ததில்லை. பாஸ்வேர்டுகளை ஒரு பாக்கெட் டைரியில் எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பழையது. பாஸ்வேர்டை மாற்றியவர் டைரியில் மாற்றவில்லை. சரி, ஓடிபி வருமே என்று பார்த்தோம். துக்கத்தில் யாரும் அவர் போனுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. எண்ணே செயலிழந்து போயிருந்தது.

வங்கிப் பணம் நாமினி என்ற முறையில் எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. இறந்தவருடைய பாஸ்வேர்டைப் போட்டுப் பணம் எடுப்பது தவறும்கூட. எனக்கு வராமல் போனது வேறு. பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் எடுத்த படங்கள் எல்லாம் அவர் மெயில் கணக்கில் இருக்கின்றன. இன்றுவரை திறக்க முடியவில்லை. அந்தக் கம்பெனியைக் குறை சொல்லமாட்டேன். பூட்டு பூட்டாக வேலை செய்தது. சாவி எங்கே என்று நாங்கள்தான் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

இதைப் பார்த்த என் மகன் பயந்துவிட்டான். "அம்மா, உங்க பாஸ்வேர்டு எல்லாத்தையும் என் மேனேஜர்லயே போட்டு வெச்சுக்கறேன். நீங்க எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். நானும் சரி என்றேன். ஆறு மாதம் ஓடியது. ஒருநாள், பழைய மாணவி ஒருத்தியின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு கேட்டு மகனுக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தான். சாயந்திரம் கூப்பிட்டு, "எதுக்கும்மா இருபதாயிரம்?" என்றான்.

தப்பாகக் கேட்கவில்லை. யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்ற கவலை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பென்ஷன். அதை எடுக்க நான் இன்னொருவரிடம் காரணம் சொல்லி நிற்கிறேன். அவர் இருந்தபோதும் கேட்டு வாங்கினேன், இப்போதும் கேட்டு வாங்குகிறேன். கேட்கிற ஆள்தான் மாறியிருக்கிறது.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு மேனேஜர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும். ஆனால் வீட்டில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டகம், தனித்தனிச் சாவி. ஒருவர் விழுந்தால் மற்றவர் திறக்க ஒரு வழி. இந்த இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். பிள்ளைகள் வசம் மொத்தமாக ஒப்படைப்பது பாதுகாப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை என்ன சொன்னது தெரியுமா? பாஸ்வேர்டு, பின் நம்பர் போன்றவற்றை நாமே பிறரிடம் சொல்லி அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுவதும் நம்முடையது. பெற்ற பிள்ளை என்பதற்கு அதில் விலக்கு எதுவும் இல்லை.

இனி தமிழம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்தில்லையா?

நம்மில் பலர் இப்போது செய்வது என்ன? ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுகிறோம். ஏதோ ஒரு துணிக்கடைத் தளத்தில் திருட்டு நடந்தால், அதே சாவியை எடுத்துக்கொண்டு மெயிலுக்கும் வங்கிக்கும் வந்து நிற்பான். மேனேஜர் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு நீளமான பாஸ்வேர்டை அதுவே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று, பெட்டகத்தின் தலைச்சாவி. நல்ல மேனேஜர்கள் நம் போனிலேயே எல்லாவற்றையும் பூட்டிய பிறகுதான் தங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன. கம்பெனிக்காரருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. தலைச்சாவியை மறந்தால் அவர்களாலும் எடுத்துத் தர முடியாது.

திருட்டே நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பிரபலமான கம்பெனியில் இருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே திருடிவிட்டார்கள். உள்ளே பாஸ்வேர்டுகள் பூட்டியபடி இருந்தன. ஆனால் யார் எந்தெந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்ற முகவரிகள் பூட்டப்படவில்லை. பிரதி கையில் இருந்தால் திருடன் உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். அப்போது நம்மைக் காப்பது தலைச்சாவியின் பலம் மட்டுமே.

இங்கே கொஞ்சம் கணக்கு. பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்கிறீர்கள். நூறு வருடத்துக்கு மொத்தம் எத்தனை தேதி? சுமார் 36,525. கம்ப்யூட்டருக்கு அது ஒரு கண் சிமிட்டல். டைஸ்வேர் என்று ஒரு முறை இருக்கிறது. ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் இருந்து ஒரு சொல்லை எடுப்பது. அப்படி நான்கு சொல் எடுத்தாலே 36 கோடி கோடிக்கு மேல் சேர்க்கைகள் வரும். ஐந்தாவது சொல் அதை இன்னும் 7,776 மடங்காக்கும். நான் ஐந்து வைத்திருக்கிறேன்.

முக்கியம், சொல்லை மனசு தேர்ந்தெடுக்கக் கூடாது. மனசு தேர்ந்தெடுத்தால் முருகனும் பேத்தி பெயரும் பழைய பாட்டு வரியும்தான் வரும். நான் ஒரு தமிழ் அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி விரல் வைத்தேன். நண்டு, திண்ணை, குடை, சுண்ணாம்பு என்பது போல ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரவேண்டும். (இதையே வைத்துவிடாதீர்கள்! இனி இது ஊருக்கே தெரிந்தது.) பகடை அளவுக்குக் கச்சிதம் இல்லை, ஆனாலும் பிறந்த தேதிக்கு எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது எழுத்துக்கூட்டல் நாளுக்கு நாள் மாறும். என் சொற்களில் ஒன்றில் 'ழ' இருந்தது. முதல் நாள் எப்படி அடித்தேன் என்பது மூன்றாம் நாள் மறந்துவிட்டது. பெட்டகம் திறக்கவில்லை, முதலில் இருந்து தொடங்கினேன். அதனால் அடித்த எழுத்துகளை அப்படியே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

தாளில் எழுதலாமா? எழுதலாம். பீரோவுக்குள் இருக்கும் தாளை இணையத் திருடன் எட்டமுடியாது. எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பவரைவிட நோட்டில் எழுதி வைப்பவர் புத்திசாலி. ஆனால் நோட்டால் முடியாத ஒன்று உண்டு. போன தை மாதம் எனக்கு 'வருமான வரி ரீஃபண்டு வந்திருக்கிறது' என்று ஒரு குறுஞ்செய்தி. தொட்டேன். என் வங்கியின் பக்கம் போலவே வந்தது. வழக்கமாக மேனேஜர் பெயரையும் பாஸ்வேர்டையும் தானே எடுத்து நீட்டும். அன்று நீட்டவில்லை. என்ன இது என்று முகவரியைப் பார்த்தால், ஓர் எழுத்து கூடுதல். போலி. என் கண் ஏமாந்தது, மேனேஜர் ஏமாறவில்லை. அது படத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கிறது. கையில் நோட்டு இருந்திருந்தால் நானே பார்த்துப் பார்த்து அடித்திருப்பேன்.

எதை வைத்துக்கொள்ளலாம்? எனக்குத் தெரிந்த வரை:

கூகுளும் ஆப்பிளும் போனிலேயே இலவசமாகத் தருபவை. ஒன்றும் இல்லாததற்கு இவை நிச்சயம் நல்லது. ஆனால் போனின் பின் நம்பர் தெரிந்தவருக்குப் பெட்டகமும் பெரும்பாலும் திறந்துவிடும். என் பின் நம்பர் பேத்திக்குத் தெரியும்.

கீபாஸ் இலவசம். பெட்டகம் நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு கோப்பாக இருக்கும், கம்பெனி எதுவும் நடுவில் இல்லை. கோப்புக்குப் பிரதி எடுத்து வைப்பது நம் வேலை. அந்த ஒழுங்கு உள்ளவர்களுக்கு அருமை, எனக்கு ஒத்துவரவில்லை.

ஒன்பாஸ்வேர்டு நல்ல பெயர் எடுத்தது. தலைச்சாவியோடு கூடுதலாக ஒரு ரகசியச் சாவியும் தருகிறார்கள். ஆனால் நிரந்தர இலவசக் கணக்கு கிடையாது.

நான் வைத்திருப்பது பிட்வார்டன். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை சாதனங்களிலும் வைக்கலாம். குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை சேரலாம். கரண்ட் பில், கேஸ், வைஃபை போன்றவை பொதுப் பெட்டியில். என் வங்கியும் மெயிலும் என் பெட்டியில் மட்டும்.

காசு கட்டும் கணக்கில் 'அவசர அனுமதி' என்று ஒரு வசதி இருக்கிறது. எனக்கும் மகனுக்கும் இருந்த வழக்கை அதுதான் தீர்த்து வைத்தது. மகனை நம்பிக்கைக்குரியவனாகப் பதிவு செய்திருக்கிறேன். அவன் திறக்கக் கேட்டால் உடனே எனக்குத் தகவல் வரும். நான் ஏழு நாள் வைத்திருக்கிறேன். அதற்குள் நான் மறுத்தால் திறக்காது. மறுக்க நான் இல்லாவிட்டால் திறக்கும். இதை அவனுக்கு விளக்கியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்பாவும் இப்படிப் பண்ணியிருக்கலாம்" என்றான். பிறகு அவனும் தன் பெட்டகத்துக்கு மருமகளைப் பதிவு செய்தான். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

இதற்கு மேல் ஒரு கவரும் உண்டு. தலைச்சாவியும் இரண்டாம் கட்டச் சோதனைக்கான மீட்புக் குறியீடும் எழுதி, ஒட்டி, பீரோ லாக்கரில் வைத்திருக்கிறேன். கவர் எங்கே என்று மகனுக்கும் மருமகளுக்கும் தெரியும். பிரிக்காமல் இருப்பார்கள் என்று நம்புகிறேன். பிரித்தால் ஒட்டு காட்டிக் கொடுக்கும்.

ஏடிஎம், யுபிஐ பின் நம்பர்களை நான் பெட்டகத்தில் வைப்பதில்லை. அவை என் தலைக்குள் மட்டும். என்னதான் செய்தும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

வாத்தியாரம்மா என்பதால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடிக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றே மூன்று கணக்குகளை மட்டும் மாற்றுங்கள்: மெயில், வங்கி, போன் கம்பெனி. மற்றவை மெதுவாக. கூடவே, கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். "நாளைக்கு நான் இல்லைன்னா, உனக்கு எது திறக்காது?"

கேட்க சங்கடமாகத்தான் இருக்கும். நாங்களும் அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் கேட்காமல் இருந்தோம்.

செய்து முடித்தவர்கள் 'முடித்தேன் டீச்சர்' என்று மட்டும் கீழே எழுதுங்கள். பாஸ்வேர்டை எழுதிவிடாதீர்கள்!