சுகர் யாரோட வியாதி?

“நமக்கு எங்கப்பா சுகர் வரப்போவுது, அது உக்காந்து துன்றவனுக்கு வர்றது.” எங்க சடையங்குப்பத்துப் பெரிசுங்க இன்னைக்கும் இப்படித்தான் பேசுதுங்க. ஒரு காலத்தில் இதில் பாதி உண்மை இருந்தது. 1990களின் பிற்பகுதியில் சென்னையில் இரண்டு பகுதிகளை எடுத்து ஆய்வு செய்தார்கள். நடுத்தர வருவாய்க்காரர்கள் வாழும் திருமங்கலத்தில் பெரியவர்கள் 100 பேரில் 12.4 பேருக்கு நீரிழிவு. தி.நகர் பாரதி நகர் ஏழைகளிடம் 6.5. பத்து வருஷம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தால் நடுத்தரத்தில் 15.4, ஏழைகளிடம் 15.3. கூலியில், படிப்பில், குடியிருப்பில் வராத சமத்துவம் தோழர்களே, இந்த வியாதியில் மட்டும் பத்தே வருஷத்தில் வந்துவிட்டது!

துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். மூட்டை தூக்கிய தலைமுறை ஒன்று இருந்தது. வேலை செய்யும் சதை இரத்தத்தில் ஓடும் சர்க்கரையை இழுத்து எரிக்கும். தட்டு நிறைய சோறு தின்றாலும் மூட்டை அதைக் கரைத்துவிடும். 1983ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை பெட்டிக்குள் போனது. மகன் டிரெய்லர் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தான், இல்லாவிட்டால் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, 12 மணி நேரம். எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி பூரா லாரி வரிசையில் காத்துக் கிடக்கிறவன் என்ன சாப்பிடுவான்? புரோட்டா. பசியை அடக்க மறுபடி மறுபடி டீ. தூக்கம் கிடையாது. உழைப்பு குறையல, உடம்பு அசைவதுதான் நின்றது. வயிற்றில் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் சொல்பேச்சை உடம்பு கேட்பதில்லை. டைப் 2 என்பது இதுதான்.

“நான் ஒல்லியாத்தான கீறேன்” என்பதையும் நம்பாதீர்கள். 1944–45ல் நாஜிகளின் பிடியில் ஹாலந்து பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தார்கள். சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி அவர்களுக்குக் குறைந்திருந்தது. எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைக்குச் சதை குறைவு, கொழுப்பு கூடுதல் என்று புனேயில் டாக்டர் யாஜ்னிக் காட்டினார். அரை வயிற்றோடு களை பறித்த நம்ம பாட்டிங்க, அம்மாங்க வயிற்றில் இருந்து வந்தவர்கள் நாம். மருத்துவமனைச் சீட்டில் இதைக் “குடும்ப வரலாறு” என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். பரம்பரையா வந்தது இரத்தம் மட்டுமா? பசியுந்தானே? அந்தப் பசியை நம்ம மேல் சுமத்தியது எது என்று சீட்டில் எழுத இடம் இல்லை.

2011லிருந்து ரேஷன் அரிசி இலவசம். அதை நான் குறை சொல்ல மாட்டேன், பட்டினி தெரிந்தவன் சொல்ல மாட்டான். ஆனா அரிசி மூட்டையா வருது, துவரம்பருப்பு ஒரு கிலோதான். அப்புறம் “சோத்தைக் குறை, பருப்பு, கீரை, மீன் சேர்த்துக்கோ” என்றால்? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்து மீனையும் கெடுத்தது. அதே வருஷம் நீலகிரி, தருமபுரி ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். (கேழ்வரகும் மாவுச்சத்துதான், கூழை மொந்தை மொந்தையா குடித்தால் சர்க்கரை ஏறும்.) நமக்கு முதலில் வேண்டியது பருப்பு.

தடுக்க முடியாத வியாதி இல்லை இது. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் நடத்திய ஆய்வு 2006ல் வெளிவந்தது. சாப்பாட்டை மாற்றி, தினம் அரை மணி நடந்தவர்களுக்கு மூன்று வருஷத்தில் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனா எங்க நடக்கிறது? ஒரு பக்கம் மணலி ஆலைப் புகை, இன்னொரு பக்கம் லாரி. சென்னையிலும் டெல்லியிலும் 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2023ல் வந்தது. காற்றில் நுண்தூசி ஆண்டுச் சராசரியில் 10 மைக்ரோகிராம் கூடினால் சர்க்கரை வியாதி வரும் ஆபத்து 22 சதவீதம் கூடுகிறதாம். “வாக்கிங் போங்க” என்று சொல்லும் டாக்டர் ஒரு நாள் விடிகாலை எங்க ரோட்டுக்கு வந்து மூச்சு விட்டுப் பார்க்கட்டும்.

அதுக்காக சும்மா இருக்க முடியாது. முப்பது வயசானால் சோதிக்கணும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் திருப்பிவிடலாம். 126ம் அதற்கு மேலும் இருந்தால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யணும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டினாலே உஷார். சுகர் இருக்கிறவங்க ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. நரம்பு செத்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணி நிற்கிற ஊரில் அந்தப் புண் விரலோடு நிற்காது.

2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது, நல்லதுதான். அதற்கு முந்தைய வருஷம் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் சுகர் கட்டுக்குள் இருந்தவர்கள் நோயாளிகளில் 100க்கு 11 பேர்தான். பகல்ல வர்ற அக்காவுக்குப் பகல்ல கூலிக்குப் போனவன் எப்படிக் கிடைப்பான்? இராத்திரி ஏழு மணிக்கு மேல் தெருவில் சோதனை, லாரி நிற்கும் இடத்தில் சோதனை, ரேஷனில் கூட ஒரு கிலோ பருப்பு. இந்த மூன்றையும் மனுவாக எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கும் வேலையை மாணவத் தோழர்கள் அடுத்த மழைக்குள் ஆரம்பிக்கணும்.