அளவு சொல்லாமல் ஊற்றச் சொல்லாதே!

தோழர்களே! சுவா சூ காங்கில் பால்மரங்கள் போயின. டீசல் தொட்டிகள் போகவில்லை. தொட்டியடி நீரில் கிருமி வளர்ந்து வடிகட்டியை அடைக்கிறது. “மருந்தை ஊற்று” என்கிறது நிர்வாகம். எவ்வளவு?

2020 பிப்ரவரியில் லண்டன் காட்விக்கில் கிளம்பிய விமானத்தின் இரு எஞ்சின்களும் தடுமாறின. எரிபொருளில் கிருமிக்கொல்லி, உரிய அளவைப் போல் 38 மடங்கு! அளவைக் கணக்கிடும் விளக்கம் கையேட்டில் போதவில்லை.

பத்து லட்சத்தில் 100 பங்கு என்றால், 1,000 லிட்டருக்கு 100 மில்லிலிட்டர்தான்!

முதலில் நீரை வடியுங்கள். எண்ணெய் கெடாமல் காக்கும் மருந்தைப் புது எண்ணெயில் கலக்குங்கள். கெட்ட எண்ணெய் அதனால் திருந்தாது. கையுறை, கண்ணாடி இன்றித் தொடாதீர்!

அபாயப் பொருளுக்குப் பாதுகாப்புத் தாள் வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். கிராணியாரே, அளவைத் தமிழில் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள்! நிர்வாகமே, எழுதித் தராத கணக்குக்குத் தொழிலாளிமேல் பழி போடாதே!