மலை போன்ற உடம்பு! "மெலிந்துவிட்டேன்" என்று கலங்கும் மனம்!
பயில்வான்களைப் பிடிக்கும் விசித்திர நோய்

கண்ணாடி முன் ஒரு வாலிபன் நிற்கிறான். அகன்ற மார்பு. உருண்டு திரண்ட தோள்கள். பார்ப்பவர்கள், "அடேயப்பா! என்ன உடம்பு!" என்று வாய் பிளக்கிறார்கள்.

அவனோ வேதனையோடு முகத்தைத் திருப்பிக் கொள்கிறான். "நான் நோஞ்சான். என்னைப் பார்த்து ஊரே சிரிக்கிறது" என்பது அவன் எண்ணம்.

வெயில் கொளுத்தும் நாளிலும் அவன் சட்டைக்கு மேல் சட்டை போடுகிறான். உடம்பு பெரிதாகத் தெரிய வேண்டுமாம்! கடற்கரைக்குப் போகமாட்டான். அங்கே சட்டையைக் கழற்ற வேண்டி வருமே! நண்பர்கள் விருந்துக்கு அழைத்தால் வரமாட்டான். அந்த நேரத்தில் பளு தூக்க வேண்டும். தவிர, நிறுத்து அளந்த சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் அவன் தொடமாட்டான்.

இது கட்டுக்கதை அல்ல. இப்படிப்பட்ட வாலிபர்கள் அமெரிக்காவில் டாக்டர்களிடம் வந்திருக்கிறார்கள். உடற்பயிற்சிக்கு இடைஞ்சல் என்று நல்ல உத்தியோகத்தை உதறியவர்களும் அவர்களில் உண்டு.

108 பேரிடம் விசாரணை

அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகே மக்லீன் என்ற மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. புகழ்பெற்ற ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஹாரிசன் போப் என்பவர், உடற்கட்டுப் பயிற்சி செய்யும் 108 ஆண்களைத் தம் சகாக்களுடன் சேர்ந்து விசாரித்தார். அந்த ஆராய்ச்சி 1993-ம் ஆண்டில் வெளிவந்தது.

108 பேரில் 9 பேர், கட்டுமஸ்தான உடம்பை வைத்துக்கொண்டே, "நாங்கள் மெலிந்து கிடக்கிறோம்" என்று நம்பினார்கள்!

டாக்டர்களுக்கு இன்னொரு நோய் நினைவுக்கு வந்தது. அனோரெக்ஸியா என்ற பட்டினி நோய்தான் அது. அந்த நோய் கண்ட பெண், எலும்பும் தோலுமாக இருப்பாள். ஆனால், "நான் குண்டு" என்று சொல்லிச் சாப்பிட மறுப்பாள். இங்கே அது தலைகீழாக இருக்கிறது. ஆகவே, "தலைகீழ் அனோரெக்ஸியா" என்று முதலில் பெயரிட்டார்கள்.

1997-ல் "மசில் டிஸ்மார்பியா" என்ற பெயர் வந்தது. தமிழில் "தசைப் பிரமை" எனலாம். 2013-ல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலிலும் இது இடம் பெற்றது. உடம்பில் இல்லாத குறையை இருப்பதாக எண்ணி மருகும் மனநோய் ஒன்று உண்டு. அதன் ஒரு வகையாக இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

பயிற்சி செய்பவர் எல்லாம் நோயாளியா?

இல்லை, இல்லவே இல்லை! இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2000-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்த நோய் உள்ள 24 பேரையும், நோய் இல்லாத 30 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு சாராரும் பளு தூக்குபவர்களே.

நோய் இல்லாதவர்களைத் தசையைப் பற்றிய கவலை அவ்வளவாக வாட்டவில்லை. நோய் உள்ளவர்களில் பலருக்கோ, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் "என் தசை போதாது, போதாது" என்ற ஒரே நினைப்பு. கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பார்த்த பிறகும் நிம்மதி இல்லை.

ஒருவன் எத்தனை கிலோ தூக்குகிறான் என்பதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஒரு நாள் தூக்காவிட்டால் அவன் மனம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சாண்டோ காலம் வேறு

நம் ஊரில் கையில்லாத பனியனைச் "சாண்டோ பனியன்" என்கிறோம். பட அதிபர் சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னாலும் "சாண்டோ" உண்டு. யார் இந்த சாண்டோ?

யூஜின் சாண்டோ, 1867-ல் பிறந்த ஜெர்மானியப் பயில்வான். 1901-ல் லண்டனில் பெரிய உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் அதில் ஒரு நீதிபதி! பிறகு சாண்டோ இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டினார். உலகப் புகழ் பெற்ற "மிஸ்டர் ஒலிம்பியா" போட்டியில் வெல்பவருக்கு இன்றும் சாண்டோவின் சிலையைத்தான் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். சாண்டோ 1925-ல் இறந்தார். ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாகச் செய்யும் வழியை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது 1935-ல். அதாவது, சாண்டோவின் உடம்பில் ஊசி மருந்து கிடையாது. இன்று பரிசு மேடைகளிலும் படங்களிலும் காணும் பல உடம்புகளுக்குப் பின்னால் அந்த மருந்து இருக்கிறது.

ஏழு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் பெற்ற அர்னால்டு சுவார்செநேகர், போட்டிக் காலத்தில் தாம் ஸ்டீராய்டு உபயோகித்ததை ஒப்புக்கொண்டவர். இன்றைய வாலிபர்களை, "அந்தப் பக்கம் போகாதீர்கள்" என்று எச்சரிப்பவரும் அவரே.

பொம்மையும் பயில்வான் ஆயிற்று!

அமெரிக்கச் சிறுவர்கள் விளையாடும் "ஜி.ஐ. ஜோ" என்ற சிப்பாய் பொம்மை 1964-ல் கடைக்கு வந்தது. டாக்டர் போப் கையில் அளவு நாடாவை எடுத்தார். பொம்மையை அளந்தார்!

5 அடி 10 அங்குலம் உயரமுள்ள மனிதனாக அந்தப் பொம்மை மாறினால், அதன் புஜத்தின் சுற்றளவு 12.2 அங்குலம் இருக்கும். சாதாரண மனிதனின் புஜம். 1990-களில் வந்த "ஜி.ஐ. ஜோ எக்ஸ்ட்ரீம்" என்ற பொம்மைக்கோ 26.8 அங்குலம்! பயில்வான்களுக்கே எளிதில் வாய்க்காத புஜம் அது.

பெண்கள் மெலிய வேண்டும் என்று பொம்மையும் விளம்பரமும் நெடுங்காலமாக நச்சரித்து வந்தன. "ஆண்கள் பெருக்க வேண்டும்" என்ற நச்சரிப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. இப்போது பொம்மை தேவையில்லை. கைப்பேசியைத் திறந்தாலே சட்டையில்லாத உடம்புகள் வரிசையாக வருகின்றன. ஒளி அமைப்பும் படத்தைத் திருத்தும் தந்திரமும் சேர்ந்து எடுத்த படம் அது என்பது பார்க்கும் பையனுக்குத் தெரிவதில்லை. தன் கையைப் பார்க்கிறான். பெருமூச்சு விடுகிறான்.

சிறு வயதில், "ஒல்லிக்குச்சி" என்று கேலி செய்யப்பட்டவன் என்றால், அந்தப் பழைய காயமும் சேர்ந்து கொள்கிறது.

ஊசி செய்யும் கேடு

முதலில் ஒரு விளக்கம். ஆஸ்துமா போன்ற நோய்களுக்கு டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு. அதைப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. தசை வளர்க்கப் போடுவது, ஆண்மைச் சுரப்பைச் சேர்ந்த ஸ்டீராய்டு. அந்தச் சுரப்பு உடம்பில் குறைந்தவர்களுக்கு, டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது உண்டு. உடம்பைப் பெருக்க நினைப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு ஏற்றிக் கொள்கிறார்கள். கேடு அங்கேதான் ஆரம்பமாகிறது.

வெளியிலிருந்து மருந்து வந்து குவிவதால், உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன. குழந்தைப் பேறு தடைப்படலாம். சிலருக்கு மார்பு பெண்களைப் போலப் பருக்கிறது. சிலருக்குக் கட்டுக்கடங்காத கோபம் வருகிறது. மாத்திரைகள் கல்லீரலைத் தாக்குகின்றன.

இதயமும் தப்புவதில்லை. 2017-ல் வெளியான ஆராய்ச்சியில், பல ஆண்டுகளாகப் பளு தூக்கிய 140 ஆண்களைச் சோதித்தார்கள். 86 பேர் ஸ்டீராய்டு போட்டவர்கள். 54 பேர் போடாதவர்கள். இதயத்தின் இடது அறையில் உள்ள ரத்தத்தில், ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்று பார்த்தார்கள். போடாதவர்களுக்குச் சராசரி 63 சதவீதம். போட்டவர்களுக்கு 52 சதவீதம்தான்! வெளியே கை பெருத்தது. உள்ளே இதயம் பலம் இழந்தது.

"சரி, நிறுத்திவிடலாமே?" என்று கேட்கலாம். நிறுத்தினால், சொந்தச் சுரப்பு மீண்டும் ஊறப் பல மாதம் ஆகும். அதுவரை சோர்வு, மனத்தளர்ச்சி. தசையும் வற்றுகிறது. ஏற்கெனவே, "மெலிந்துவிட்டேன்" என்று நடுங்குகிறவன் இதைத் தாங்குவானா? மறுபடியும் ஊசியைத் தேடி ஓடுகிறான்.

உயிருக்கே ஆபத்து

உடம்பில் குறை இருப்பதாக எண்ணி மருகும் நோயால் வாடிய 63 ஆண்களைப் பற்றிய ஆராய்ச்சி 2005-ல் வெளிவந்தது. அவர்களில் 14 பேருக்குத் தசைப் பிரமை இருந்தது. அந்த 14 பேரில் பாதிப்பேர், எப்போதாவது ஒரு முறை தற்கொலைக்கு முயன்றவர்கள்! "உடம்பு வளர்க்கும் ஆசைதானே, வயது வந்தால் போய்விடும்" என்று விட்டுவிடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் அவர்கள் வாய் திறப்பதில்லை. "பயில்வான் அழலாமா? ஆம்பிளை பயப்படலாமா?" என்ற வெட்கம். பெற்றோருக்கும் சந்தேகம் வருவதில்லை. பையன் சிகரெட் பிடிக்கவில்லை, ஊர் சுற்றவில்லை, உடம்பைப் பார்த்துக் கொள்கிறான் என்று மகிழ்ந்து போகிறார்கள்.

தீர வழி உண்டு

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனநல நிபுணர் நோயாளியோடு பேசி, எண்ணத்தையும் பழக்கத்தையும் சிறிது சிறிதாக மாற்றுகிறார். கண்ணாடி பார்ப்பதைக் குறைக்கச் சொல்கிறார். ஒரு நாள் பயிற்சியை நிறுத்தச் சொல்கிறார். மறுநாள் வானம் இடிந்து விழவில்லை என்பதை அவனே காண்கிறான். தேவையானால் மனத்தளர்ச்சிக்கும் ஓயாத எண்ணங்களுக்கும் தரும் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். உடம்பைப் பற்றிய பிரமைக்கு இந்த இரண்டும் பலன் தருவதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஸ்டீராய்டு போட்டு வந்தவன் டாக்டரின் மேற்பார்வையில் அதை விட வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் சில அடையாளங்களைக் கவனிக்கலாம். அடிபட்டு வலிக்கும்போதும் பயிற்சிக்கு ஓடுகிறானா? அக்காள் கல்யாணத்துக்குக்கூட அரை மனதோடு வருகிறானா? பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறானா? கடன் வாங்கி மாவும் மருந்தும் வாங்குகிறானா? "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று சொன்னால் எரிந்து விழுகிறானா?

அப்படியானால் கேலியும் வேண்டாம், திட்டும் வேண்டாம். "உடம்பு இருக்கட்டும். மனசு எப்படி இருக்கிறது, தம்பி?" என்று கேட்டால் போதும். பேச ஆரம்பிப்பான். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போகலாம். இந்திய அரசு 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" மனநலத் தொலைபேசி எண் 14416. காசு கிடையாது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

தண்டாலும் கர்லாக்கட்டையும் நம் பாட்டன் காலத்திலும் இருந்தன. பயிற்சி முடித்து, வியர்வையைத் துடைத்து, வீட்டாரோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். பயிற்சி செய்யும் பிள்ளை இன்றும் அப்படி வந்து உட்காருகிறானா என்று ஒவ்வொரு தாயும் பார்க்கட்டும். உட்கார்ந்தால் கவலை இல்லை. உட்காராவிட்டால், அருகே போய்ப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.