குற்றியலுகரமும் ஆங்கில உச்சரிப்பும்

ஆங்கிலம் பேசும் மாணவரின் நாவைத் திருத்துவது தமிழ்ப் பண்டிதனின் வேலையா என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். என்னிடம் நன்னூல் கற்ற மாணவன் ஒருவன், நேர்முகத் தேர்வொன்றில் ‘டெவலப்மென்ட்’ என்னும் சொல்லை முதலசை ஓங்கச் சொன்னமைக்காக எள்ளப்பட்டுத் திரும்பினான். அதன்பின் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே மறுத்துவிட்டான். அன்று முதல் இஃது என் வேலையும் ஆயிற்று.

ஆங்கிலச் சொல்லில் ஓரசை ஓங்கும், ஏனையவை ஒடுங்கும். எது ஓங்கும் என்பதை எழுத்துக் காட்டாது. ‘ரெக்கோட்’ என்பது முதலசையில் அழுத்தம் பெற்றாற் பெயர். ஈற்றசையிற் பெற்றால் வினை. இது நமக்குப் புதிதா? ‘வந்தான்’ என்பது வினைமுற்றா, வந்தவன் எனப் பொருள்படும் பெயரா என்பதை எடுத்தலோசை, படுத்தலோசை கொண்டு பிரித்தவர்கள் நம் உரையாசிரியர்கள். (அவ்வோசையை இன்று நம்மிற் பலர் ஒலித்துக் காட்டமாட்டோம் என்பது வேறு கதை.)

“இந்த அசையை உரத்துச் சொல்” என்பதே வகுப்பறைகளில் வழக்கம். மாணவனும் உரப்பான், ஆனால் மற்றை அசைகளையும் மாத்திரை குறையாது ஒலிப்பான். குறை உரப்பதில் இல்லை, ஒடுக்காமையில் உள்ளது. ‘பனானா’ என்னும் வாழைப்பழச் சொல்லில் ஆங்கில ‘ஏ’ மூன்று முறை வருகிறது. நடுவிலுள்ளது மட்டுமே நெடிலாய் நிற்கும். இருபுறத்தனவும் குறிலினும் குறுகித் தேயும். நாமோ ஈற்று ‘னா’வையும் இரண்டு மாத்திரைக்கு நீட்டுகிறோம்.

அம்மாணவனை ‘நடு’, ‘நாடு’ என இரண்டையும் சொல்லச் சொன்னேன். முன்னதில் உகரம் முழுதாக ஒலிக்கிறது. பின்னதில் இதழும் குவியாமல் அரை மாத்திரையாகிறது. “அந்தக் குறுக்கத்தைப் பனானாவின் இருபுறமும் வை, தம்பி” என்றேன். மூன்றாம் முறையில் அச்சொல் ஆங்கிலமாயிற்று. தமிழ் இலக்கணம் தந்த இக்கருவியை ஆங்கில ஆசிரியர்கள் ஏன் கையாளலாகாது?

மாணவர் அகராதிகள் பல, அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே சிறு கோடிடுகின்றன. அதனை முந்திய அசைக்குரியதென மயங்குவோர் உளர். அதையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

ஹோட்டல், பொலிஸ் என்பவற்றை ஆங்கிலேயர் இரண்டாம் அசையில் அழுத்துவர். நாம் முதலசையில் அழுத்துகிறோம். தமிழிற் பேசுங்கால் நம் வழக்கே சரி. அவை இன்று நம் சொற்கள். அங்கே திருத்த முற்படுவது வீண் பகட்டு.

மாணவன் இப்பொழுது வாரந்தோறும் வருகிறான். ‘டெவலப்மென்ட்’ வந்துவிட்டது. ‘கொமிட்டி’ இன்னும் வசப்படவில்லை.