மிஷன் பள்ளிகளில் சமயம்: தீர்க்கப்பட்ட பாதியும் தீராத பாதியும்

காப்பார் –

கொச்சி நகரின் பள்ளுருத்தியில் உள்ள செயின்ட் ரீட்டா பள்ளியைக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள். 2025 அக்டோபரில் அங்கு எட்டாம் வகுப்பு முஸ்லிம் மாணவி ஒருவர் ஹிஜாப் அணிந்து வந்தார். சீருடை விதியில் அதற்கு இடமில்லை என்றது நிர்வாகம். வாக்குவாதம் முற்றியதால் பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை விடப்பட்டது. மாநிலக் கல்வித் துறை மாணவியின் பக்கம் நின்றது. நிர்வாகம் உயர்நீதிமன்றம் போனது. கடைசியில் அந்த மாணவி வேறு பள்ளிக்கு மாறினார்.

கேரளாவுக்கு இது புதிதல்ல. திருவனந்தபுரத்தில் உள்ள கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் மீது தொடுக்கப்பட்ட இதே போன்ற வழக்கில், தனி மாணவியின் விருப்பத்தைவிடப் பள்ளி நிர்வாகத்தின் உரிமையே மேலோங்கும் என்று 2018 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

இதைப் படிக்கும் மலேசியத் தமிழர், "இங்கே இது ஒரு பிரச்சினையே இல்லையே" என்றுதான் நினைப்பார். உண்மைதான். நம் நாட்டுக் கான்வென்ட் பள்ளிகளில் தூடோங் அணிந்த மாணவிகள் வழக்கமான காட்சி. தூடோங் கட்டாயமில்லை, அணிய விரும்பும் முஸ்லிம் மாணவிக்குத் தடையும் இல்லை. முஸ்லிம் மாணவர் கத்தோலிக்கப் பள்ளியில் தன் சமயத்தோடு படிக்க முடியுமா என்ற கேள்விக்கு மலேசியச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஆனால் அது கேள்வியின் ஒரு பாதிதான். மறுபாதி நம் பிள்ளைகளைப் பற்றியது.

காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு

காப்பார் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு எங்கே போவது என்று பேசும்போது, கிள்ளான் பட்டணத்தின் பழைய மிஷன் பள்ளிகளின் பெயர் அடிபடாமல் இருக்காது. கத்தோலிக்க வழியில் வந்தவை கான்வென்ட், லா சால். மெத்தடிஸ்ட் வழியில் வந்தவை ஏ.சி.எஸ்., மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி. "கான்வென்ட்ல சேர்த்தா ஒழுக்கம் இருக்கும்" என்று தோட்டத்துப் பாட்டிகள்கூடச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள்.

காப்பாரிலேயே மெத்தடிஸ்ட் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளி இருக்கிறது. செந்தூலில் செயின்ட் ஜோசப் தமிழ்ப்பள்ளி, ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி. பெயரில் புனிதர், வகுப்பில் பெரும்பாலும் திருநீறு பூசிய நெற்றிகள். இந்தக் கலப்பை நாம் வித்தியாசமாகப் பார்த்ததே இல்லை.

முஸ்லிம் குடும்பங்களும் அப்படித்தான். முன்னாள் துணைப் பிரதமர் டாக்டர் வான் அஸிஸா அலோர் ஸ்டார் செயின்ட் நிக்கலஸ் கான்வென்ட்டில் படித்தவர். முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் கோலாலம்பூர் செயின்ட் ஜான்ஸ் பள்ளியில் படித்தவர். இருவரும் அரசியலில் எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள். இரு குடும்பங்களும் பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மூன்று விதிகளைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, 1996 கல்விச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. ஒரு பள்ளியில் ஐந்து முஸ்லிம் மாணவர்கள் இருந்தாலே அவர்களுக்கு வாரம் குறைந்தது இரண்டு மணி நேரம் இஸ்லாமியச் சமயக் கல்வி தர வேண்டும். ஆசிரியர் மாநில அதிகாரத் தரப்பின் ஒப்புதல் பெற்றவராக இருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த எண்ணிக்கை பதினைந்தாக இருந்தது. இது கான்வென்ட்டுக்கு மட்டுமான விதி அல்ல. ஐந்து இந்திய முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் பொருந்தும்.

இரண்டாவது, அதே சட்டத்தின் 51ஆம் பிரிவு. அரசாங்க உதவி பெறும் பள்ளியின் வாரியம் இஸ்லாம் அல்லாத சமயத்தையும் கற்பிக்கலாம். ஆனால் அதற்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தைத் தொடக்கூடாது. ஒரு பிள்ளை தன் சமயமல்லாத வகுப்பில் உட்காருவதானால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

மூன்றாவது, கூட்டரசு அரசியலமைப்பின் 12(3)ஆம் விதி. தன்னுடையதல்லாத சமயத்தின் போதனையைப் பெறவோ, சடங்கிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார் என்கிறது 12(4). இங்கே பெற்றோர் என்பது தாய், தந்தை இருவரையும் குறிக்கும் என்பதை 2018 ஜனவரி 29ஆம் தேதி இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். முஸ்லிம் மாணவருக்குச் சமயக் கல்வியைத் தருவது பள்ளியின் கடமை. அதற்கு ஆசிரியரும் நேர அட்டவணையும் உண்டு. மற்ற மாணவருக்குக் கிடைப்பது, கட்டாயப்படுத்தப்படாமல் இருக்கும் உரிமை மட்டும். சமயக் கல்வி வேண்டுமானால் வாரியம் தன் பணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது தானாக நடக்கும். இரண்டாவது, யாராவது கேட்டால்தான் நடக்கும்.

தலைமையாசிரியரைப் பொறுத்த விஷயமா?

1970இல் ஒன்றாம் ஆண்டிலிருந்து தொடங்கி, ஆங்கில வழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. மிஷன் பள்ளி ஆசிரியர்கள் அரசாங்கச் சம்பளத்துக்கு வந்தார்கள். கன்னியாஸ்திரிகளும் பிரதர்களும் ஓய்வு பெற்ற இடங்களுக்கு அமைச்சு நியமித்தவர்கள் வந்தார்கள். நிலமும் கட்டடமும் மிஷனுடையவை. அன்றாட நிர்வாகம் அமைச்சினுடையது.

அதனால் சுவரில் சிலுவை இருக்கலாமா, சபைகூடலில் எந்தப் பிரார்த்தனை, நோன்பு மாதத்தில் கேன்டீன் திறக்குமா என்பதெல்லாம் நடைமுறையில் நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததாகி விடுகிறது. நல்ல தலைமையாசிரியர் வாய்த்தால் சிக்கலில்லை. மாற்றலாகி வேறொருவர் வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

2013 ஜூலையில், நோன்பு மாதத்தில், சுங்கை பூலோ ஸ்ரீ பிரிஸ்தானா தேசியப் பள்ளியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் கழிவறையை ஒட்டிய உடைமாற்றும் அறையில் சாப்பிட்ட படம் நாட்டையே உலுக்கியது. கேன்டீன் பழுதுபார்க்கப்படுகிறது என்று விளக்கம் வந்தது. அது மிஷன் பள்ளி அல்ல. ஆனால் சிறுபான்மைப் பிள்ளையின் தேவையைக் கணக்கில் வைக்க ஒருவரும் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதைக் காட்டியது. 2024 மார்ச்சில் கல்வி அமைச்சர் ஃபட்லினா சிடேக், நோன்பு மாதத்திலும் கேன்டீன்கள் திறந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார். பதினொரு ஆண்டுகள் கழித்தும் அமைச்சர் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

புக்கிட் நானாஸ் தரும் பாடம்

1899இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் கான்வென்ட்டின் நிலக் குத்தகை 2021 செப்டம்பர் 6ஆம் தேதி முடிய இருந்தது. 2020 இறுதியில் நீட்டிப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பள்ளியை முழு அரசாங்கப் பள்ளியாக்கும் எண்ணம் அதன் பின்னால் இருந்தது. நிலத்தின் உரிமையாளரான கன்னியாஸ்திரிகள் சபை நீதிமன்றம் போனது. அதன் பிறகு குத்தகை 60 ஆண்டுகளுக்கு, 2081 வரை, நீட்டிக்கப்பட்டது.

இந்தச் செய்தி தோட்டத் தமிழருக்கு உடனே புரியும். நிலம் ஒருவருடையது, சம்பளம் இன்னொருவருடையது என்ற நிலையில்தான் நம் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. தோட்டம் விற்கப்படும்போது பள்ளி நிலம் என்னவாகும் என்று எத்தனை ஊர்களில் தவித்திருக்கிறோம்! பள்ளியின் குணத்தைக் காப்பது, நிலப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் விழிப்பான வாரியம். தமிழ்ப்பள்ளியில் தேவார வகுப்பு நடத்த வாரியத்துக்கு இடம் தருவதும், கான்வென்ட்டில் கத்தோலிக்க வகுப்புக்கு இடம் தருவதும் அதே 51ஆம் பிரிவுதான். அங்கே அது செல்லாக்காசானால் இங்கேயும் அதற்கு மதிப்பிருக்காது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில், மிஷன் பள்ளி என்றால் மதமாற்றம் என்ற பயத்தை விடலாம். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உங்கள் பிள்ளையை வேறு சமய வகுப்பில் உட்கார வைக்க முடியாது. அதே நேரத்தில், மிஷன் பள்ளி என்றாலே எல்லாச் சமயத்துக்கும் சம இடம் என்றும் நம்பிவிட வேண்டாம். அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் இன்று நிர்வாகத்தில் இல்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இஸ்லாமியக் கல்வி நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி முறையாக நடக்கிறதா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா? நோன்பு மாதத்தில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? பள்ளி வாரியம் கடைசியாக எப்போது கூடியது?

நம் தமிழ்ப்பள்ளி வாரியங்களும் தங்களை ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பள்ளியில் நான்கு முஸ்லிம் பிள்ளைகளோ, இரண்டு கிறிஸ்துவப் பிள்ளைகளோ இருந்தால், காலை வழிபாட்டில் தேவாரம் பாடும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? 12(3) அவர்களுக்கும் உண்டு. கிள்ளான் பள்ளியில் நம் பிள்ளைக்கு எதை எதிர்பார்க்கிறோமோ, அதைக் காப்பார் தமிழ்ப்பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு நாம் தந்திருக்க வேண்டும். அப்போதுதான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் நம் கேள்விக்கு வலு இருக்கும்.